ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அமெரிக்கப் போர்

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் உள்நாட்டுப் போரைப் பற்றி என்ன கவலை என்று என்னைக் கேட்காதீர்கள். கல்லூரிப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, நடத்துகிறேன். நடத்தி நடத்தி அதிலேயே முனைவர் பட்டத்துக்கும் பதிந்துகொண்டேன். அந்தப் போரை லண்டன் பத்திரிகைகள் எப்படிப் பார்த்தன என்பது என் தலைப்பு. அந்தப் பழைய பத்திரிகைகள் லண்டனில்தான் இருக்கின்றன. தொண்ணூறாம் வருடக் கோடை விடுமுறையில் ஒரு சிறு உதவித்தொகை கிடைக்கவே, ஊரில் வெயில் கொளுத்தத் தொடங்கிய நேரத்தில் கம்பளிச் சட்டையும் சாம்பார்ப் பொடியுமாகக் கிளம்பிவிட்டேன்.

தங்கியது கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், மங்கையின் வீட்டில். மங்கையும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே விடுதி அறையில் இருந்து பி.ஏ. படித்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டிப் படிக்க வந்தவள் அவள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கணவரோடு லண்டன் வந்துவிட்டாள். கவுன்சில் அலுவலகத்தில் அரைநாள் வேலை. கணவர் சிவபாலன் ஊரில் வங்கியில் இருந்தவர், இங்கே பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். மகள் வேறு ஊரில் படிக்கப் போயிருந்ததால் அவள் அறை எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் மாலையே இடியப்பமும் சொதியும். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குக் கால் முளைத்து, வீடு மாறி, இன்னும் மெலிந்துபோனது போல இருந்தது. நான் சிவபாலனை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் என்னை ‘ரீச்சர்’ என்றார்; அவர்கள் பேச்சில் டீச்சர் அப்படித்தான். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். சொன்னேன். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்துபோவதாக அறிவித்தன, வடக்கு விடமாட்டேன் என்றது, போர் மூண்டது என்று, வகுப்பில் தொடங்குவது போலவே தொடங்கினேன்.

சிவபாலன் இடியப்பத்தை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப நான் தெற்குப் பக்கம்,” என்றார். “பிரிஞ்சு போறன் எண்டவனை ஆமி அனுப்பிப் பிடிச்சு வைக்கிறது என்ன நியாயம், ரீச்சர்?”

ஆமி என்று அவர் சொன்னது ராணுவத்தை. தெற்கு பிரிந்துபோக நினைத்தது அடிமைகளை வைத்துக்கொள்வதற்காக என்றேன். அது இருக்கட்டும், பிரிந்துபோக உரிமை உண்டா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள் என்றார். இத்தனை வருடத்தில் எந்த மாணவியும் என்னை இப்படிக் கேட்டதில்லை. வடக்கு செய்தது சரி, நாடு ஒன்றாக இருக்கவேண்டும் என்பது எனக்கு இரண்டும் இரண்டும் நாலு மாதிரி. ஆனால் அமைதி காக்க என்று போன எங்கள் நாட்டு ராணுவம் இலங்கையிலிருந்து கப்பல் ஏறித் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு அந்த நாலை என்னால் சொல்ல முடியவில்லை. மங்கை எனக்கு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள்.

மறுநாள் நூலகத்துக்குப் புறப்பட்டேன். அது நகரத்தின் வடகோடியில் இருந்தது. அங்கே போகும் பாதாள ரயிலுக்கு வடக்குத் தடம் என்று பெயர். அந்தத் தடம்தான் நகரத்தின் தென்கோடிக்கும் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்தபோதே எனக்குத் தலை சுற்றியது. வடக்கே போகும்போதும் நடுவில் அது இரண்டு கிளையாகப் பிரிகிறது. வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறவேண்டுமாம். நான் கூட்டத்தைப் பார்த்து ஏறினேன். கூட்டம் ஒவ்வொரு நிலையமாகக் கரைந்து, கடைசியில் வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, மரங்களும் மேடுமாக ஓரிடத்தில் நின்றே விட்டது. தப்பான கிளை.

நடைமேடையில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண் இருந்தார். உயரமான, கறுப்பின மூதாட்டி. தலையில் பச்சைத் தொப்பி, கையில் என்னிடம் இருந்த அதே வரைபடம். பழைய பத்திரிகைகள் இருக்கும் நூலகம் எங்கே என்று என்னைக் கேட்டார். நான் வரைபடத்தை எடுத்துக் காட்டி, நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ரயில்வே ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அவர் பெயர் எடித். அமெரிக்காவில், தென் மாநிலமான ஜார்ஜியாவில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளை பிரியும் நிலையத்துக்குத் திரும்பி வரும் வழியிலேயே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஐசக், ஒரு பருத்தித் தோட்டத்தில் அடிமை. போருக்கு முன்னால் தப்பி ஓடி, எப்படியோ லண்டனுக்கு வந்து சேர்ந்தார். இங்கே கூட்டங்களில் ஏறி அடிமை வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். குடும்பத்தில் தெரிந்தது அவ்வளவுதான். தோட்டத்தில் விட்டுவந்த மனைவியிடமும் மகளிடமும் அவர் திரும்பவே இல்லை. கூட்டச் செய்தி எதிலாவது அவர் பெயர் அச்சாகியிருக்கும், அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று வந்திருந்தார்.

அதன் பிறகு நூலகத்தில் தினமும் பக்கத்துப் பக்கத்து மேசை. பத்திரிகைகளைக் கதவு அகலத்துக்குக் கட்டி வைத்திருந்தார்கள். தோல் அட்டை உதிர்ந்து சிவப்புத் தூள் முழங்கை வரை அப்பிக்கொள்ளும். சாயங்காலம் ரயிலில் என்னைப் பார்த்து ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், இந்த மாமி செங்கல் தின்றாளா என்று கேட்டது.

படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. அடிமை முறையை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிய நாடு இது. ஆகவே பத்திரிகைகள் வடக்கின் பக்கம் நிற்கும் என்று நினைத்து வந்திருந்தேன். பெரிய பத்திரிகைகள் பலவும் தெற்கைக் கொண்டாடின. தெற்கத்தியர் கண்ணியவான்கள், வீரர்கள். வடக்கத்தியர் கடைக்காரர்கள், பேராசைக்காரர்கள். வடக்கின் தலைவரும் தொடக்கத்தில், இது அடிமைகளை விடுவிக்கும் போர் அல்ல, நாடு உடையாமல் காக்கும் போர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். லண்டன் பத்திரிகை ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடிமைகளுக்காக இல்லை என்று அவரே சொல்கிறார், பிறகு பிரிகிறவர்களை ஏன் தடுக்கவேண்டும் என்று எழுதினார்கள். சிவபாலன் சொன்ன அதே வாக்கியம், கொஞ்சம் படாடோபமான ஆங்கிலத்தில்.

அதே நேரத்தில் இங்கிலாந்தின் மில் ஊர்களில் அமெரிக்கப் பஞ்சு வராமல் தறிகள் நின்றுபோய், தொழிலாளர்கள் கஞ்சித்தொட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். பஞ்சுக் கப்பல்களை மறித்தது வடக்கு. அப்படியிருந்தும் அந்தப் பசித்த ஆட்களில் பலர், அடிமைத்தனம் ஒழியட்டும், எங்களுக்கு வேலை பிறகு கிடைக்கட்டும் என்று வடக்குக்காகக் கூட்டம் போட்டார்கள். வயிறு நிறைந்தவன் ஒரு பக்கம், பசித்தவன் மறுபக்கம். யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நான் போட்டிருந்த கணக்கெல்லாம் தலைகீழ்.

போதாததற்கு ஒரு மூலையில் எங்கள் ஊரே வந்து நின்றது. அமெரிக்கப் பஞ்சு இல்லாததால் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறுகிறது என்றது சந்தைச் செய்தி. திருநெல்வேலிப் பஞ்சு என்று தனியாக ஒரு வரி. எங்கள் கரிசல்காட்டுப் பஞ்சு. அந்தச் சண்டை இன்னும் கொஞ்சநாள் நடந்தால் தேவலை என்று எங்கள் முன்னோர் யாராவது மடியில் கை வைத்துக்கொண்டு நினைத்திருப்பார்களோ? எடித்திடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, பஞ்சு எல்லோரையும் உறவாக்கிவிடுகிறது என்றார்.

மத்தியானம் நூலகத்துக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடை. சைவம் என்று கேட்டால் அங்கே கிடைத்தது, தோலோடு சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அதில் இனிப்பான அவரைக்கொட்டையைக் கொட்டியது. உப்பையும் மிளகையும் கவிழ்த்துச் சாப்பிட்டேன். எடித்தும் அதையே வாங்கி அதையே செய்தார். இந்த ஊர்க்காரர்கள் யார் கண்ணிலும் மிளகாய் பட்டதில்லையா என்று அங்கலாய்த்தார். அந்தப் பேச்சில்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் சிவபாலன் எந்தப் பக்கம் என்பது நினைவுக்கு வந்தது.

மங்கை தாராளமாக வரட்டும் என்றாள். க்ரீன் ஸ்ட்ரீட்டில் நம் நாட்டுக் கடைகளுக்குப் போய் வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் வாங்கிவந்தோம். எடித்துக்காகக் கோழிக் குழம்பும் வைத்தாள். நான் போகிற போக்கில் சிவபாலனிடம், வருகிறவர் அடிமைகளின் வம்சம், போரைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்சம் பார்த்து என்றேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

எடித் வந்தார், பச்சைத் தொப்பியைக் கழற்றி வைத்தார், வெண்டைக்காய்க் கறியைக் கண்டதும் முகம் மலர்ந்தார். இது எங்கள் ஊர்க் காய் என்றார். இல்லை, எங்களுடையது என்று நானும் மங்கையும் ஒரே குரலில் சொன்னோம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் தன் முன்னோரோடு அமெரிக்காவுக்கு வந்தது என்றார் எடித். தக்காளி போட்டுச் சமைப்பார்களாம். மேசையில் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எடித் சிவபாலனிடம், நீங்கள் ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். சிவபாலன் சொன்னார். கடை எரிந்தது, வீடு எரிந்தது, தமிழர் தனி நாடு கேட்பது ஏன் என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டே போய், ஆகவே உங்கள் நாட்டுப் போரில் தன்னால் தெற்கைக் குற்றம் சொல்ல முடியவில்லை, அவர்களும் பிரிந்துபோகத்தானே கேட்டார்கள் என்று முடித்துவிட்டார். அவர் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை. இவ்வளவு துயரப்பட்டவருக்குத் தன் வழக்கு புரியும் என்று நம்பித்தான் சொன்னார்.

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எடித் வாயில் இருந்ததை மென்று முடித்தார். அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தமிழில் தருகிறேன்.

“தனியாகப் போகிறோம் என்றுதான் கேட்டார்கள், ஐயா. போகும்போது என் கொள்ளுப்பாட்டியையும் சாமான்களோடு சேர்த்து எடுத்துப் போவோம் என்றார்கள்.”

பிறகு எடித்தே, கோபமில்லாமல், உங்கள் நாட்டில் அடிமைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் சிவபாலன். இல்லை என்று நானும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பண்ணையாள் என்றொரு சொல் உண்டு, அது அடுத்த கணமே நினைவுக்கு வந்தது. ஆனால் இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

மங்கை தமிழில் கணவரிடம் சொன்னாள். “இஞ்சருங்கோ, எங்கட கிணத்தில ஆரார் தண்ணி அள்ளேலாது எண்டு மறந்துபோச்சோ? கோயிலுக்கை ஆரை விடேல்லை எண்டு?”

என்ன சொல்கிறாள் என்று எடித் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். மங்கை எனக்காகக் காத்திருக்காமல் தானே ஆங்கிலத்தில் சொன்னாள். எங்களிடம் வேறு பெயரில் இருந்தது, எங்கள் வீட்டிலேயே இருந்தது என்றாள். எடித் தலையை மெல்ல ஆட்டினார். சிவபாலன் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்து எல்லோருக்கும் ஊற்றினார்.

வடக்கத்திய ராணுவம் வந்து உங்கள் கொள்ளுப்பாட்டியை விடுவித்ததா என்று மங்கைதான் அடுத்துக் கேட்டாள். எடித் குடும்பத்தில் வழிவழியாக வந்த கதையைச் சொன்னார். சிப்பாய்கள் வந்தார்கள். நீங்கள் எல்லோரும் இனிச் சுதந்திரர் என்றார்கள். தோட்டத்து ஜனங்கள் அழுதார்கள், பாடினார்கள். அதே சிப்பாய்கள் அவர்களுடைய கோழிகளையும் ஒரே பன்றியையும் பிடித்துக்கொண்டார்கள், போர்த்தியிருந்த கம்பளியையும் விடவில்லை. கொஞ்ச வருடம் காவல் இருந்தார்கள். பிறகு களைத்துப்போய் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் போனதும் பழைய எசமானர்கள் வேறு பெயரில் திரும்பி வந்தார்கள்.

“அப்படியென்றால் வடக்கு நல்லவர்களா, கெட்டவர்களா?” என்று மங்கை கேட்டாள்.

அவர்கள் வந்திருக்காவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றார் எடித். கோழியையும் நாங்கள் மறக்கவில்லை என்றார்.

சிவபாலன் எடித்தைக் காரில் கொண்டுபோய் விடக் கிளம்பினார். மங்கை பாத்திரம் கழுவினாள், நான் துடைத்தேன். குழாயை மூடாமலே பேசத் தொடங்கினாள்.

“எங்கட வீட்டுக்கும் ஆமி வந்தது, கோமதி. உங்கட ஆமி. முதல் வந்தநேரம் அப்பா றோட்டில நிண்டு மாலை போட்டவர். இந்தியா வந்திட்டுது, இனிப் பயமில்லை எண்டு எனக்கு ஃபோனில சொன்னவர். பிறகு சண்டை துவங்கிட்டுது. வீட்டுக்கு மேல ஷெல் விழுந்தது. அப்பா உள்ளுக்கை இருந்தவர்.”

அவளுடைய அப்பா இறந்தது எனக்குத் தெரியும். வயதாகி இறந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருடைய குண்டு என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வேறு யாருடையதாகவோ இருக்கவேண்டும் என்று மனசு அலைந்திருக்கும்.

“ஆருக்குத் தெரியும்? ஆரைக் கேட்டாலும் மற்ற ஆக்களின்ர எண்டுதான் சொல்லுவினம்.”

“ஏன் எனக்கு எழுதல?”

“எழுதத் துவங்கினனான். ‘உங்கட ஆமி’ எண்டு எழுதிறதோ, ‘ஆமி’ எண்டு எழுதிறதோ தெரியேல்லை. அதோட விட்டிட்டன்.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்றால், நான் என்ன ராணுவமா? எனக்குச் சம்பந்தமில்லை என்றால், மாலை போட்ட கைக்கு என்ன பதில்? நல்ல எண்ணத்தோடுதான் போனார்கள் என்று ஊரில் வாய்கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன். மங்கை அதை என் கையிலிருந்து வாங்கி அடுக்கினாள்.

அந்த வாரத்திலேயே எடித் தேடியது கிடைத்தது, கிடைக்கவும் இல்லை. கிழக்கு லண்டன் மண்டபம் ஒன்றில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தைப் பற்றி நீளமான செய்தி. மேடையில் வீற்றிருந்த ஆங்கிலேயக் கனவான்களின் பெயர்கள் பட்டங்களோடு வரிசையாக இருந்தன. தலைமை தாங்கிய பாதிரியார், நன்றி சொன்ன வணிகர், ஒருவரையும் விடவில்லை. நடுவில் ஒரு வரி: ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்த கறுப்பர் ஒருவர் உருக்கமாகப் பேசினார், கூட்டம் கரகோஷம் செய்தது.

ஒருவர். அவ்வளவுதான். எடித் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவராகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம் என்றார். நகல் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதை என் வீட்டில் மாட்டினால் தினமும் கோபம்தான் வரும் என்றார். பிறகு மனம் மாறி எடுத்துக்கொண்டார். அன்று நூலகத்திலிருந்து திரும்பும் ரயிலில் இருவரும் சேர்ந்தே வந்தோம். அவர் இறங்கும்போது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்கினார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வீட்டில் மங்கையிடமும் சிவபாலனிடமும் இதைச் சொன்னேன். பெயரைக்கூடவா போடவில்லை என்று மங்கை இரண்டு தடவை கேட்டாள்.

ஊருக்குத் திரும்பும் நாள் சிவபாலனின் கார் கிளம்ப மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருவர் தள்ளியும் இரண்டு கஜம் நகர்ந்து நின்றுவிட்டது. மூவரும் பெட்டிகளோடு பாதாள ரயிலில் ஏறினோம். விமான நிலையம் போகும் வழி முழுதும் சிவபாலன் என் பெட்டியைக் காலால் அணைத்துப் பிடித்தபடி நின்றுகொண்டு வந்தார். நிலையம் நெருங்கும்போது என் பக்கம் குனிந்தார்.

“ரீச்சர், எங்கட நாடு பிரியவேணும் எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன். ஆனால் இனி அந்தத் தெற்கோட என்னைச் சேர்க்காதேங்கோ.”

சரி அண்ணாச்சி என்றேன். நாடுகள் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நானும் இப்போதும் சொல்வேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் யாரோடு என்னைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்ளே போகும் வாசலில் மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எழுதிறதில எங்கட அப்பாவின்ர பேரை எங்கையாவது போடுவியே?”

“அது அமெரிக்கச் சண்டையைப் பத்தினது, மங்கை.”

“தெரியும். எங்கையாவது.”

ஆய்வேடு பிறகு முடிந்தது. அதில் அவருக்கு இடமில்லை. தேர்வாளர்கள் இவர் யார் என்று கேட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை என்னுடையது.

அவர் பெயர் வைத்திலிங்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கணக்கு வாத்தியாராக இருந்தார். மகளை எங்கள் விடுதியில் சேர்க்க வந்த அன்று, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வார்டனிடம் விசாரித்து, குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். வண்டி ஏறும்போது மங்கையைப் பார்த்தார். அவள் பக்கத்தில் நின்ற, அன்றுதான் முதல்முறை கண்ட என்னையும் பார்த்தார். “பிள்ளையள், கவனமாயிருங்கோ” என்று எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.